சூடு காட்டிய ரத்தம்

எங்கள் லேபில் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால், ஆனால் என் காதில் விழுகிற மாதிரி கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. தினம் முந்நூறு ட்யூப் வருகிற இடத்தில் ஆடி அசைந்து வேலை பார்த்தால் சாயங்காலம் வீடு போய்ச் சேர முடியாது. இருபத்தாறு வருஷமாக ரத்த அணுக்களை எண்ணுகிற வேலை. எண்ணுவது என்னவோ மெஷின்தான். அது முரண்டு பிடிக்கும்போது வழிக்குக் கொண்டுவருவது நான்.

இதில் நான் நல்லவளாக வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கும் நல்லது, கேட்கிறவர்களுக்கும் நல்லது.

சிவப்பணுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு பக்கமும் லேசாக அமுங்கிய குட்டி வட்டத் தட்டு அது. கருவை எலும்பு மஜ்ஜையிலேயே விட்டுவிட்டு வருகிறது, அதனால் உள்ளே கரு கிடையாது, ஏறக்குறைய முழுக்க ஹீமோகுளோபின். ஆயுள் நூற்றிருபது நாள். அதற்குள் உடம்பை லட்சம் தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய் வந்தால் மடங்கி, நசுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து அந்தப் பக்கம் போய் மறுபடி விரிந்துகொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கிறவரைக்கும்தான் அதற்குப் பிழைப்பு. நமக்கும்தான்.

ஓர் அணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபின் அடைந்து கிடக்கிறது என்பதற்கு மெஷின் ஓர் எண் தரும். முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறு வரை இருக்கும். அதற்கு மேல் அடைக்க அணுவுக்குள் இடமில்லை. ஆனால் எப்போதாவது ஒரு ட்யூபில் நாற்பத்தைந்து, ஐம்பது என்று வந்து நிற்கும். அப்படி ஒரு ரத்தம் மனுஷ உடம்பில் ஓடவே முடியாது. சிலருடைய ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. உடம்புச் சூட்டில் சாதுவாகக் கிடக்கும். குளிர்ந்ததும் விழித்துக்கொண்டு அணுக்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து ஒட்டிவிடும். எங்கள் லேபில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது, மெஷினுக்காக. அந்தக் குளிரில் ஏழெட்டு அணு ஒட்டிக்கொண்டு வந்தால் மெஷின் அதை ஒன்று என்று எண்ணும். கணக்கு எப்படி வரும்?

இதற்கு வைத்தியம் சுலபம். முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ட்யூபைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்து, எடுத்த கையோடு மெஷினில் ஓட்ட வேண்டும். ஒட்டினதெல்லாம் விட்டுப்போகும், எண்கள் யோக்கியமாகிவிடும். இதை நாங்கள் சூடு காட்டுவது என்போம். ஒரு ட்யூபுக்குச் சூடு காட்டினால் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது விதி: இந்த ரத்தம் குளிரில் ஒட்டுகிறது, சூடாக்கி எண்ணினோம். ஆரம்பத்தில் நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வரியைப் பார்த்ததும் வார்டிலிருந்து போன் வரும். இதற்கு என்ன அர்த்தம், மறுபடி ரத்தம் எடுக்கணுமா, ரிப்போர்ட்டை நம்பலாமா என்று குடைவார்கள். எங்கள் லேப் டாக்டர் போனை வைத்துவிட்டு என்னைத்தான் முறைப்பார். ஒரு நாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறி அந்த வரியை விட்டுவிட்டேன். போன் வரவில்லை. மறுநாளும் விட்டேன். பிறகு புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். கேள்வி வராத ரிப்போர்ட்தான் நல்ல ரிப்போர்ட் என்பேன். அதை ஏதோ பெரிய ரகசியம் மாதிரி கேட்டுக்கொள்வார்கள்.

இனி என் அத்தான். அக்காவைக் கட்டியவர். லிப்ட் மெக்கானிக். கெட்டுப்போன லிப்ட்டைச் சரிசெய்ய ஒன்பதாவது மாடிக்குப் படியேறிப் போகிற ஒரே மனுஷன் நான்தான் என்று முப்பது வருஷமாக ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருப்பவர். குளிர் என்றால் அவருக்கு ஆகாது. நாங்களெல்லாம் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் காதை மூடி மப்ளர் சுற்றியிருப்பார். ஐஸ் தண்ணீர் கிளாஸைத் துணியால் பிடிப்பார். மழைக்காலத்தில் விரல் நுனி நீலம் பாரித்துவிடும். வீட்டில் யாராவது பிரிட்ஜைத் திறந்தால், அத்தானைக் கேட்டுவிட்டுத் திற என்று கிண்டல் செய்வோம். கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் நான்.

அவருக்குக் கொஞ்சம் ரத்தசோகையும் உண்டு. அக்கா பீட்ரூட், ஈரல், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று ஒன்று விடாமல் திணித்துப் பார்த்தாள். அசையவில்லை. அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். காகிதத்தை ஒழுங்காக அடுக்குவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அத்தானுடைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஜிப் வைத்த பைலில் வைத்திருந்தாள். அளவுக்கு மீறின எண்கள் எங்கள் ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் விழும். ஹீமோகுளோபினைத் தவிர வேறு எது கொட்டையாக இருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள். ஒன்றும் இல்லையென்றால் பைலை மூடிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். தங்கச்சி பார்த்த ரிப்போர்ட், அப்புறம் என்ன என்பாள்.

இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அத்தானுக்கு ரத்தம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு லேபுக்கு வருவேன். மூன்று தடவையும் நாற்பத்தைந்துக்கு மேல் காட்டியது. மூன்று தடவையும் சூடு காட்டினேன். எண்கள் சரியாகிவிட்டன, ஹீமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவு. அனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவை சாப்பிட உட்கார்ந்தபோது நானே எல்லாரிடமும் சொன்னேன், அத்தானை மாதிரியே அவர் ரத்தத்துக்கும் ஏசி ஒத்துக்கலை, வெந்நீரில் குளிப்பாட்டித்தான் எண்ண வேண்டியிருக்கு என்று. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பிறகு அத்தானுக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகிற வால்வு சுருங்கிப்போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியைவிட நாலு மடங்கு பெரியது. தேதி குறித்தாகிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் கேஸ் அத்தான் என்கிற நிலையில், முந்தின நாள் மத்தியானம் எங்கள் மூன்று பேரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். மேஜையில் பிளாஸ்டிக் இதயம் ஒன்று, கழற்றி மாட்டுகிற மாதிரி. பக்கத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அழுகிறவர்களுக்கு.

விளக்கிச் சொல்ல வந்தவர், ஆப்பரேஷன் நடக்கும்போது பைபாஸ் மெஷினை ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு. இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் வால்வை மாற்ற முடியும், அந்த நேரத்தில் ரத்தத்தை வெளியே எடுத்துத் தன் மெஷின் வழியாகச் சுற்றவிட்டு உடம்புக்குள் அனுப்புவேன் என்றார். அத்தான் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார், பம்ப் என்றால் அவருக்கு ஒரு சந்தோஷம். பம்ப்புக்கு கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பேட்டரி உண்டு, அதுவும் போனால் கையால் சுற்றக் கைப்பிடி இருக்கிறது என்றார் மெஷின்காரர். இரண்டு பேரும் ஒரே ஜாதி மாதிரி தலையாட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் அவர் சொன்னார், ரத்தத்தைக் குளிரவைத்து உடம்பை இருபத்தெட்டு டிகிரிக்குக் கொண்டுவருவோம், இதயத்துக்குள் மட்டும் நாலு டிகிரியில் ஒரு திரவத்தைச் செலுத்துவோம், குளிர்ந்தால் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை குறையும், அதுதான் பாதுகாப்பு என்று. அத்தான், கம்பளி தருவீங்களா என்று கேட்டார். மெஷின்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

வெளியில் ட்யூபுக்குள் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதையே ஆளுக்குள் நடத்தப்போகிறார்கள்.

ஆனாலும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்காமலா இருப்பார்கள் என்று ஒரு சப்பைக்கட்டு தோன்றியது. அக்கா மடியிலிருந்த பைலை இழுத்து, அதற்கு முதல் நாள் இந்த ஆஸ்பத்திரியிலேயே எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அந்த எண் முப்பத்து மூன்று புள்ளி எட்டு. சுத்தம். அடியில் ஒரு வரிகூட இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லையென்றால் என்மேல் என்ன தப்பு என்கிற நிம்மதி. இப்போது நினைத்தாலும் அசிங்கமாக இருக்கிறது. அந்த நிம்மதி அடங்குவதற்குள்ளேயே புரிந்துவிட்டது. அத்தானுடைய ரத்தம் எந்த லேபிலும் முதல் ஓட்டத்தில் முப்பத்து மூன்று காட்டாது. இங்கேயும் யாரோ சூடு காட்டியிருக்கிறார்கள்.

சுவரில் இன்டர்காம் இருந்தது. மெஷின்காரரிடம் கேட்டு லேபுக்குப் போட்டேன். எடுத்தது ஒரு பெண். நானும் இதே வேலைதான் என்று சொல்லி, சாம்பிள் நம்பரைச் சொல்லி, முதலில் என்ன காட்டியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எதையோ புரட்டினாள். நாற்பத்தெட்டு காட்டியது, சூடு பண்ணி ஓட்டினேன், அழகாக வந்துவிட்டது என்றாள். குரலில் ஒரு பெருமை. ஏன் கீழே எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதினா போன் மேல போன் வரும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா! அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, சர்ஜனைப் பார்க்கணும், இப்பவே பார்க்கணும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷின்காரர் ஏன் என்று கேட்காமல் எழுந்து போனார். அக்கா என் கையைப் பிடித்து, என்னடி, என்னடி என்றாள். இரு என்று மட்டும் சொன்னேன்.

சர்ஜன் வந்தார். உயரமான அம்மா, நெற்றியில் தொப்பி அழுத்தின தடம். அடுத்த கேஸுக்குப் போகிற அவசரம். நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். பைலைப் புரட்டினார். எங்கள் லேப் ரிப்போர்ட் மூன்று, அவர்களுடையது ஒன்று, நாலும் சுத்தம். பிளட் பேங்கில் ரத்தம் பொருந்திவிட்டது என்றும் எழுதியிருந்தது. நாலு ரிப்போர்ட்டையும் தள்ளிவிட்டு நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று ரிப்போர்ட்டின் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது. என்னை மடக்க நானே ஆதாரம் தயாரித்து வைத்திருந்தேன்.

பிளட் பேங்கில் முப்பத்தேழு டிகிரியில் வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள், அந்தச் சூட்டில் இது தெரியாது என்றேன். பேசிப் புண்ணியமில்லை, ஒரு ட்யூப் ரத்தம் எடுங்கள், ஒரு கிண்ணம் ஐஸ் கொடுங்கள், ஐந்து நிமிஷம் போதும் என்றேன். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டார்.

அத்தான் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டார். நர்ஸ் எடுத்த ஊதா மூடி ட்யூபை நான் வாங்கி நாலு தடவை மெதுவாகக் கவிழ்த்தேன். நல்ல ரத்தம். கண்ணாடிச் சுவரில் வழவழவென்று வழிந்து இறங்கியது. எல்லாருக்கும் காட்டிவிட்டு ஐஸுக்குள் நட்டேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். பிளாஸ்டிக் இதயத்தின் ஒரு துண்டை அத்தான் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

ட்யூபை எடுத்துச் சாய்த்தேன். ரத்தம் வழியவில்லை. திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவில் மஞ்சளாகத் தண்ணீர் பிரிந்து ஓடியது. சர்ஜன் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷின்காரரிடம் கொடுத்தார். நான் ட்யூபைத் திரும்ப வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மறுபடி காத்திருந்தோம். வெளியே எடுத்தபோது திப்பிகள் கரைந்து, முதலில் இருந்த மாதிரியே வழவழவென்று ஓடியது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

அத்தான்தான் முதலில் பேசினார். இத்தனை வருஷம் மப்ளர் கட்டினதுக்கு இன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சர்ஜன் நாளைய ஆப்பரேஷன் இல்லை என்றார். எந்த டிகிரியில் ஒட்ட ஆரம்பிக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும், பிறகு உடம்பைக் குளிரவைக்காமலேயே செய்வதற்கு வழி இருக்கிறது, கொஞ்சம் கஷ்டம், ஆனால் செய்யலாம் என்றார். மெஷின்காரர் என்னை ஏதோ சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகில் போன சர்ஜன் திரும்பி நின்றார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை, இப்போதுதான் பொறி தட்டியது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சொன்னால் நம்பியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பைல் மேஜைமேல் திறந்து கிடந்தது, மூன்று கையெழுத்தும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் சூடு காட்டி ஓட்டி, கீழே எழுதாம அனுப்பிட்டேன்."

சர்ஜன் எங்கள் லேபின் பெயரைக் கேட்டுக் கையிலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா பைலின் ஜிப்பைப் பாதி இழுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"குளிப்பாட்டினேன்னு சொன்னியே," என்றாள். "இதானா அது?"

ஆமாம் என்றேன். அவள் மீதி ஜிப்பையும் இழுத்து மூடினாள்.

வராந்தாவில் மெஷின்காரர் என்னைத் தனியாகப் பிடித்தார். இருபத்தெட்டு டிகிரிக்குப் போயிருந்தால் முதலில் என் மெஷினின் குழாய்க்குள்தான் தெரிந்திருக்கும், ஆனால் அதற்குள் இதயத்தின் பொடிப்பொடிக் குழாய்களும் மூளையின் குழாய்களும் அடைபட ஆரம்பித்திருக்கும், பார்த்து நான் என்ன செய்ய முடியும் என்றார். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். காகிதக் கைக்குட்டைப் பெட்டி உள்ளே இருந்தது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆப்பரேஷன் நடந்தது. அத்தானுடைய ரத்தம் முப்பத்தோரு டிகிரியில் ஒட்ட ஆரம்பிக்கிறது என்று அளந்து வைத்திருந்தார்கள். ஆப்பரேஷன் அறையின் ஏசியைக் குறைத்து, உள்ளே போகிற திரவத்தையெல்லாம் சூடாக்கி, ரத்தத்தை முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவிடாமல் ஐந்து மணி நேரம் பார்த்துக்கொண்டார்களாம். சர்ஜன் வெளியே வந்தபோது வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில்தான் நான் நின்றேன். என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் யாரும் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் லேபுக்குக் கடிதம் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த வரியை எழுதிவிடலாம், மற்றபடி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, விடுங்கள் என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று யார் பார்த்தது என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். மெஷினின் நினைவில் இருப்பது கடைசி பதினான்கு மாதம். ஒரே ட்யூப் இரண்டு தடவை ஓடி, முதல் ஓட்டத்தில் நாற்பதைத் தாண்டினது எது எது என்று உட்கார்ந்து தேடினேன். பத்தொன்பது பேர். அவர்களை அனுப்பின டாக்டர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், இதை இப்போது எதற்குச் சொல்கிறீர்கள் என்று கத்தினார்கள். இரண்டு பேரை அவர்கள் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஊரை விட்டுப் போய்விட்டார்களாம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் உள்ளவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுகிறோம். போன் வருகிறது. நானே எடுத்துப் பேசுகிறேன். என்னை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

அத்தான் தேறிவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், இவள் இல்லையென்றால் நான் இல்லை, ஐஸ் கிண்ணத்தை வைத்தே ஆஸ்பத்திரியைக் கவிழ்த்துவிட்டாள் என்று என்னைப் பற்றிப் பெரிதாக அளந்துகொண்டிருந்தார். அத்தான், அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லுங்க என்பேன். அதெல்லாம் சும்மா என்பார். மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று கேட்பாள். வந்தவர்களிடம் என்னை விட்டுக்கொடுத்தும் பேசியதில்லை.

ஆப்பரேஷன் முடிந்து ஆறாவது வாரம் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். இந்தத் தடவை பெரிய பிளாஸ்க்கில் முப்பத்தேழு டிகிரித் தண்ணீர், அதற்குள் ட்யூபை நிறுத்த ஒரு சின்ன டப்பா, உள்ளே தெர்மாமீட்டர் எல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எடுத்த நிமிஷத்திலிருந்து லேப் போகிற வரைக்கும் குளிரவே கூடாது என்று. அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கூடத்து மேஜையில் பைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பையைத் திறந்து ஊசியையும் ட்யூபையும் எடுத்து வைத்தேன். பிளாஸ்க்கைக் காட்டி, பார்த்தியா, இந்தத் தடவை எல்லாம் பக்காவா செஞ்சிருக்கேன் என்றேன்.

அக்கா அதைப் பார்த்தாள். நான் வைத்த ஊசியையும் ட்யூபையும் ஒவ்வொன்றாக எடுத்து, முறையாக, மறுபடி என் பைக்குள்ளேயே வைத்தாள்.

"வேற இடத்துல எடுத்துக்கறோம்," என்றாள்.

நான் ஒழுங்காக எழுதுவேன் அக்கா, சத்தியமாக எழுதுவேன் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில் அவளிடம் அப்படிக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் என் தோளில் கைவைத்து, சின்ன வயதில் எனக்கு எதையாவது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. நீ நல்லாத்தான் எடுப்பே, ரிப்போர்ட்டும் நல்லாத்தான் வரும். அதைப் பார்த்துட்டு அன்னைக்கெல்லாம் நிம்மதியா தூங்கினேன் பாரு. இனிமே நீ குடுத்தா எனக்குத் தூக்கம் வராது."

பையை மூடி எடுத்துக்கொண்டு, அத்தான் எழுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.